ஒரு மாத்திரை பிந்திய மிருதங்கம்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் கொட்டாஞ்சேனையிலுள்ள நம் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தோம். வழக்கமாக, மாடிப்படி ஏறும்போதே மிருதங்கத்தின் ஓசை நம்மை எதிர்கொண்டு அழைக்கும். அன்று வீடு மௌனமாயிருந்தது. 15 வயது நிரம்பிய மருமகப்பிள்ளை, மிருதங்கத்தை உறையிலிட்டு அலுமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டு, கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைப் பாராமல் உட்கார்ந்திருந்தான். என்ன விஷயம் என்று கேட்டோம்.

"மாமா, எனக்கு லயம் இல்லையாம்" என்றான்.

நடந்தது இதுதான். இசைப் போட்டி ஒன்று நடந்தது. போட்டியாளர் ஒரு மண்டபத்தில் கூடுவதில்லை. பாட்டு ஒன்றைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டுக்கொண்டே மிருதங்கம் வாசித்து, மிருதங்கத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அவர்கள் சேர்த்துக் கேட்டு மதிப்பிடுவார்கள். பையன் ஐந்து ஆண்டுகளாகக் கற்பவன். நன்றாகவே வாசித்திருந்தான். வந்த குறிப்பிலோ, "நாதம் நன்று. அடிகள் பாட்டுக்குப் பின்னே நிற்கின்றன. லயஞானம் போதாது" என்றிருந்தது.

மிருதங்கக்காரனைப் பார்த்து லயஞானம் இல்லையென்பது, சமையற்காரனைப் பார்த்து உப்பு உறைப்புத் தெரியாது என்பது போலத்தான். குருவும் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் பையனைப் பழையபடி முதற் பாடத்துக்கே கொண்டுபோய்விட்டார். சாதாரண தரப் பரீட்சை வருகிறது, இதுவே சாட்டென்று வகுப்பை நிறுத்திவிடலாம் என்ற யோசனை தமக்கையாருக்கு.

"எப்படிப் பாட்டைக் கேட்டாய்?" என்றோம். பையன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பொருளை எடுத்துக் காட்டினான். அதைக் கண்டதும் நமக்குச் சுருக்கென்றது. அது நாமே அவனுடைய பிறந்தநாளுக்குப் பம்பலப்பிட்டியில் வாங்கிக் கொடுத்த பொருள்.

தீப்பெட்டியிலும் சற்று நீளமான கருவி அது. சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். கையடக்கத் தொலைபேசியிலிருந்து வயர் இல்லாமல், புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, இலக்கங்களாக வந்ததை மின்னலைகளாக மாற்றி, பெருக்கி, ஹெட்போனுக்கு அனுப்பும். 2016 இல் அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசியில் ஹெட்போன் செருகும் துவாரத்தை அடைத்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அந்த வழியிலே போயின. நல்ல பழைய ஹெட்போன் வைத்திருப்போர் அதை எங்கே செருகுவது என்று விழித்தார்கள். அவர்களுக்காகப் பெருகி வந்தவை இந்தச் சட்டைப்பை அம்பிளிபயர்கள். ஒலி தெளிவாகவே இருக்கும். பையனுடைய வீட்டுச் சுவரோ மெல்லியது. அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. எனவே பாட்டையாவது காதோடு கேட்கட்டும் என்று எண்ணி வாங்கிக் கொடுத்தோம்.

அன்றிரவே ஒரு சோதனை செய்தோம். வாசகர் வீட்டிலும் செய்து பார்க்கலாம், செலவில்லை. தொலைபேசித் திரையில் விரலால் தட்டினால் மேளம் போல ஒலிக்கும் செயலிகள் உண்டு. அதிலொன்றைத் திறந்து, ஹெட்போனின் ஒரு காதை இரண்டாவது தொலைபேசி ஒன்றின் ஒலிவாங்கியருகே வைத்து, அந்த இரண்டாவது தொலைபேசியிற் பதிவைத் தொடங்கிவிட்டு, முதலாவதன் கண்ணாடித் திரையை விரல் நுனியால் 'டக்' என்று தட்டவேண்டும். பதிவில் இரண்டு ஒலிகள் விழும்: விரல் பட்ட ஒலி, பின்பு ஹெட்போனில் வந்த ஒலி. பதிவின் அலைவடிவத்தை விரித்துப் பார்த்தால் இரண்டுக்குமுள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியும். முதலில் வயர் வழியாகவும், பின்பு புளூடூத் வழியாகவும் செய்தோம். வயரிலும் சிறிது இடைவெளி உண்டு. அது தொலைபேசி விரலை உணர்ந்து ஒலியெழுப்ப எடுத்துக்கொள்ளும் நேரம். அதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது புளூடூத்தின் தாமதம். நம் கணக்கில் அது ஏறக்குறைய 200 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு.

ஐந்திலொரு பங்கு செக்கன் என்பது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். தாளத்திற் போட்டுப் பார்ப்போம். அந்தப் பாட்டு ஆதி தாளம், சதுஸ்ர நடை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 அட்சரம் என்ற வேகம். ஓர் அட்சரத்துக்கு 800 மில்லிசெக்கன். அதை 'தகதிமி' என்று நான்கு மாத்திரையாகப் பகுத்தால், மாத்திரை ஒன்றுக்குச் சரியாக 200 மில்லிசெக்கன். ஆகவே, பாடகர் 'த' வில் நிற்கும்போது பையன் காதில் இன்னும் அந்தத் 'த' விழவில்லை. அது அவன் காதில் விழும்போது பாட்டு 'க' வுக்குப் போய்விட்டது. கேட்டதைக் கேட்டபடி அவன் பிசகாமல் வாசித்தான். ஆனால் அவன் கேட்டதே ஒரு மாத்திரை பிந்தி வந்த பாட்டு. அவன் காதில் பாட்டும் அடியும் ஒன்றாகவே பொருந்தியிருந்தன. நடுவர் காதிலோ எடுப்பிலிருந்து தீர்மானம் வரை ஒவ்வோர் அடியும் ஒரு மாத்திரை தள்ளி விழுந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. பிழையான வாசிப்பும் இல்லை.

ஒலி பிந்துவது இயற்கைக்குப் புதிதன்று. ஆடிவேல் விழாவில் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியாக வருகையில், சற்றுத் தொலைவில் நின்று தவிற்காரரைக் கவனித்தால் தெரியும். கழி தோலில் விழுவது முதலிற் கண்ணுக்குத் தெரிகிறது. ஓசை பின்னரே வந்து சேர்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு செக்கனுக்கு 350 மீற்றர் அளவே செல்கிறது. எனவே 200 மில்லிசெக்கன் தாமதம் என்பது 70 மீற்றர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். 70 மீற்றருக்கு அப்பால் இருக்கும் பாடகருக்கு மிருதங்கம் வாசிக்கச் சொன்னால் எந்த வித்துவானும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரும் அவருடைய தோழர்களும் இருவரை வெவ்வேறு அறைகளில் இருத்தி, இடையே தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக் கைதட்டச் செய்து பார்த்தார்கள். 2004 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தாமதம் 11 அல்லது 12 மில்லிசெக்கனைத் தாண்டியதும் தட்டும் வேகம் மெல்லத் தளரத் தொடங்குகிறது. மேடையில் மிருதங்கமும் பாட்டும் ஏன் அத்தனை நெருங்கி உட்காருகின்றன என்பதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கிறது.

நிற்க. இந்த 200 மில்லிசெக்கன் எங்கே போகிறது? ஆகாயத்திலன்று. வானொலி அலை ஒளியின் வேகத்தில் ஓடுவது. ஒரு மில்லிசெக்கனில் 300 கிலோமீற்றர் சென்றுவிடும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறவை பறக்கும் நேர்வழித் தூரம் அவ்வளவே. 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி தொடங்கியது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் முன்னின்று செய்த காரியம் அது. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு முதற் பரிசோதனைகளை நடத்தினார் என்பர். அந்தக் காலத்து முறையில், ஒலிவாங்கியில் விழுந்த குரல் உடனே மின்னலையாகி, உடனே வான் அலையாகி, கேட்பவர் வீட்டில் உடனே ஒலியாயிற்று. இடையில் நிறுத்தி எண்ணிப் பார்க்க எவருமில்லை. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் நேரடிக் கச்சேரியை யாழ்ப்பாணத்திற் கேட்டவர், அதே கலையகத்தில் பாடகருக்கு ஒரு மீற்றர் தள்ளி உட்கார்ந்திருந்தவரைக் காட்டிலும் முந்திக் கேட்டார் என்றால் நம்புவது சிரமம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு மில்லிசெக்கன். இன்றோ சட்டைப் பையிலிருந்து காதுக்கு 200.

காரணத்தைக் காண வேறெங்கும் போக வேண்டாம். கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகம் தெரியும். கப்பல் எவ்வளவு வேகமாகப் போனால் என்ன? சாமான் கொள்கலனில் அடுக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்திலும் களஞ்சியத்திற் கிடக்க வேண்டும். புளூடூத்தில் நடப்பதும் இதுதான்.

இசைத்தட்டின் தரத்தில் ஒலியை இலக்கமாக்கினால் ஒரு செக்கனுக்கு 1411 கிலோபிற் தேறும். அவ்வளவையும் அப்படியே அனுப்பப் புளூடூத்தின் பாதை போதாது. எனவே சுருக்கிக் கட்டவேண்டும். கட்டி, மறுபக்கத்தில் அவிழ்க்கும் முறைக்குத்தான் கொடெக் என்று பெயர். எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்க வேண்டிய முறை எஸ்.பி.சி.; அது வழக்கமாக 328 கிலோபிற் அளவுக்குச் சுருக்கும். சோனி நிறுவனம் 2015 இல் கொண்டுவந்த எல்டாக் 990 வரை செல்லும். ஆப்ட்-எக்ஸ் என்பது இவற்றிலும் மூத்தது. 1980 களில் பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்மித் என்பவரின் ஆராய்ச்சியிற் பிறந்தது. புளூடூத் என்ற பெயரே இல்லாத காலத்தில் வானொலி நிலையங்களும் சினிமாக் கொட்டகைகளும் அதைப் பயன்படுத்தின.

கடைக்காரர்கள் தாமதம் முழுவதையும் கொடெக்கின் தலையிலே போடுகிறார்கள். அது அவ்வளவு நியாயமில்லை. எஸ்.பி.சி. ஒரு கட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஒலி வெறும் 3 மில்லிசெக்கன்தான். அப்பிள் தொலைபேசிகள் விரும்பும் ஏ.ஏ.சி. முறையில் ஒரு கட்டு 23 மில்லிசெக்கன். சுருக்கும் வேலையும் அவிழ்க்கும் வேலையும் சேர்ந்தாலும் 200 வருவதில்லை. பெரும்பங்கு களஞ்சியத்திலே போகிறது.

களஞ்சியம் ஏன்? புளூடூத் ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வீதி, மாலை ஆறு மணிக்குக் காலி வீதி இருப்பது போல நெரிசலானது. வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியில் எத்தனை வீடுகளோ அத்தனை வைபை. சமையலறைக்குச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு. எல்லாம் அதே வீதியில்தான். புளூடூத் 79 ஒழுங்கைகளில் ஒரு செக்கனுக்கு 1600 முறை மாறி மாறித் தாவி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கிறது. என்றாலும் சில கட்டுகள் தொலைந்துபோகும். மறுபடி அனுப்ப வேண்டும். மனித உடம்பும் நீர் நிறைந்த தடுப்புச் சுவர். தொலைபேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டால் இன்னும் சில கட்டுகள் தொலையும். ஹெட்போன் பக்கத்தில் முன்கூட்டியே சேர்த்து வைத்த இருப்பு இல்லையானால் பாட்டு விக்கி விக்கி நிற்கும். இருப்பு இருந்தால், தொலைந்தது திரும்பி வரும் வரை அதை எடுத்து ஒப்பேற்றலாம். அந்த இருப்பின் ஆழந்தான் நம் 200 மில்லிசெக்கன். உயர்ந்த தரமென்று எல்டாக்கின் 990 ஐ ஒருவர் தேர்ந்தெடுத்தாரானால் தாமதம் குறையாது. பல கருவிகளிற் கூடவே செய்கிறது.

எனவே இதைக் குறைபாடென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பாட்டுக் கேட்பவருக்குத் தடங்கல் கூடாது. கால் செக்கன் பிந்தினால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. நாம்தாம் கேட்பவனுக்குச் செய்த பொருளை வாசிப்பவன் கையிற் கொடுத்தோம்.

படம் பார்ப்பவர் நிலைமை வேறு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வகுத்த அளவுப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிசெக்கன் முந்தினாலே மனிதர் கண்டுகொள்கிறார்கள். பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. ஒலி பிந்தி வருவது பிறந்தது முதல் நமக்குப் பழக்கம். முந்தி வருவதை உலகத்தில் எவரும் கண்டதில்லை. அதோடு, இன்றைய தொலைபேசிகள் ஹெட்போனின் தாமதத்தைக் கேட்டறிந்து படத்தையே சற்று நிறுத்திக் காட்டுகின்றன. ஆகையால் பாட்டியார் நாடகம் பார்ப்பதற்கோ, மாணவர் பாடம் கேட்பதற்கோ புளூடூத் குறைவில்லை. தொலைபேசி விளையாட்டில் சுடும் பையனுக்கும் மிருதங்கம் வாசிக்கும் பையனுக்கும் அந்த உதவி கிடையாது. கையைச் சற்று நிறுத்திவை என்று எந்த இயந்திரமும் சொல்ல முடியாதல்லவா?

பாடுபவர் பாடு இன்னும் மோசம். தம் குரலையே புளூடூத் வழியாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டு பாடினாலோ பேசினாலோ நாக்குத் தடுமாறும். 1950 இல் பேர்னாட் லீ என்ற அமெரிக்கர் இதை எழுதினார்: பேசுவோருக்கு அவர் குரலையே ஐந்திலொரு செக்கன் அளவு பிந்திக் கேட்கச் செய்தால், சரளமாகப் பேசுபவரும் திக்குகிறார். ஐந்திலொரு செக்கன்! நம் கருவியின் தாமதமே அதுதான்.

தாமதத்தைக் குறைக்க வழியில்லையா? உண்டு. ஆப்ட்-எக்ஸிலேயே குறைந்த தாமதத்துக்கென ஒரு வகை வந்தது. 40 மில்லிசெக்கன் என்று அதற்குப் பெயர். ஆனால் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கிறதே என்று வாங்கி வந்தால், நம் தொலைபேசி அதை அறியாததாயிருக்கும், இரண்டும் எஸ்.பி.சி.க்கே இறங்கிப் பேசும். 2020 இல் அறிவிக்கப்பட்டு 2022 இல் விதிமுறைகள் முற்றுப்பெற்ற எல்.ஈ. ஓடியோ என்ற புதிய ஏற்பாடு எல்.சி.3 என்னும் கொடெக்கைக் கொண்டது. அதில் ஒரு கட்டு 10 மில்லிசெக்கனுக்குள் அடங்கும், களஞ்சியமும் சிறியது. செவிப்புலன் குறைந்த முதியோருக்கு அது பெரிய உதவியாக அமையுமென்று எதிர்பார்க்கிறோம். மிருதங்கத்துக்கு அதுவும் போதுமென்று நாம் சொல்லமாட்டோம்.

வாசிக்கும் பிள்ளைக்கு வயர்தான். இதில் ஒரு வேடிக்கை: நாம் வாங்கிய அதே கருவியை யூ.எஸ்.பி. வயரால் தொலைபேசியோடு இணைத்துவிட்டால், புளூடூத் விலகி, அந்த 200 மில்லிசெக்கனும் போய்விடுகிறது. அம்பிளிபயரும் ஒலித் தெளிவும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சிறு வயர் பெட்டிக்குள்ளே, பற்றரிக்கு மின்னேற்றத்தான் என்று எண்ணி ஒருவரும் தொடாமல், சுருட்டியபடி கிடந்தது. அம்பிளிபயர் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். அது ஒலியைப் பெருக்கும் யந்திரம். பிள்ளைகள் கையில் அளவு தெரிந்து இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றும், சிறுவருக்கு 75 டெசிபெல்லில் அதே நேரம் என்றும் எல்லை வகுத்திருக்கிறது.

போட்டி முடிந்துவிட்டது. ஏற்பாட்டாளருக்கு எழுதினோம், மரியாதையாகவே பதில் வந்தது, முடிவு மாறாது, அடுத்த முறை வயர் வழியாகக் கேட்குமாறு அறிவித்தலில் ஒரு வரி சேர்ப்போம் என்றார்கள். அது போகட்டும். நமக்குக் குருவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பையன் அனுப்பிய பதிவு அவனிடம் இன்னும் இருந்தது. கணினியில் பாட்டை ஒரு வரியிலும் மிருதங்கத்தை மறு வரியிலும் வைத்து முதலில் உள்ளபடியே கேட்டோம். நடுவர் எழுதியது பிழையன்று, கேட்கச் சகிக்கவில்லை. பிறகு மிருதங்க வரியை மட்டும் 200 மில்லிசெக்கன் முன்னே இழுத்து வைத்தோம். வேறொன்றையும் தொடவில்லை. இரண்டு பதிவுகளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் வெள்ளவத்தையில் குருவின் வீட்டுக்குப் போனோம்.

முதற் பதிவுக்கு அவர் இரண்டு ஆவர்த்தனம் தாளம் போட்டுவிட்டுக் கையை நிறுத்தினார். இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தொடங்கினார். மோரா முடிந்து சமத்தில் விழும் வரை கை நிற்கவில்லை. நாம் புளூடூத், கொடெக், களஞ்சியம் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பையனைப் பார்த்து, "நாளைக்கு வரேக்கை மிருதங்கத்தைக் கொண்டு வா" என்றார்.

அலுமாரியின் உச்சியிலிருந்து அதை இறக்கித் தூசு தட்டிக் கொடுத்தவர் நம் தமக்கையார்.